டப்பாவில் பஞ்சு

மருந்து மையம் இருந்த இடம் முன்பு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். துணி அலசிய தொட்டிகளை இடித்துச் சமப்படுத்திவிட்டாலும், தரையில் அவை இருந்த தடம் நாலு சதுரமாகத் தெரிந்தது. ஒரு சதுரத்தில் சிஸ்டரின் மேஜை, ஒன்றில் மருந்து அலமாரி, ஒன்றில் எடை பார்க்கும் மெஷின். வாசலுக்குப் பக்கத்துச் சதுரம் பஞ்சு அக்காவுடையது.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. முதல்முறை எச்.ஐ.வி. மருந்து வாங்க வருகிறவர்களை எதிரில் உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து, சுருளிலிருந்து பஞ்சைப் பிய்த்து மாத்திரைகளுக்கு மேலே அடைப்பாள். மூடியைத் திருகிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் பஞ்சு.

"பஸ்ல போறப்ப கலகலன்னு ஆடும். பக்கத்து சீட்டு ஆளு என்ன மாத்திரை, எதுக்கு மாத்திரைன்னு ஆரம்பிச்சுடுவான். இப்ப எங்க கொண்டு போனாலும் இது வாயத் திறக்காது," என்பாள்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்வார்கள். மதியத்துக்கு மேல் அவள் தோள்பையை மாட்டிக்கொண்டு, மாத்திரை வாங்க வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிச் சந்து சந்தாக நடப்பாள். ஆறு வருடமாக இதுதான் வேலை.

அன்று மத்தியானம் அவள் கிளம்பவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெயில் சார் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டரும் அவளும் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து அரசாங்கம் தருவது. அதை எடுத்துக் கொடுக்கிற இந்த மூன்று பேருக்கும் சம்பளம் கடல் தாண்டி வருவது. இத்தனை நாள் அனுப்பிய நிறுவனம் இந்த மாதத்தோடு கையை விரித்துவிட்டது. வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு வந்து பத்து வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து திட்ட மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மெயிலைத் திறந்து திறந்து 'மெயில் சார்' ஆகிவிட்டார். அந்த நாட்டில் பொழுது விடிவதே நமக்கு மத்தியானம்தான் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடுவார்.

இரண்டே காலுக்கு அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு! மூணு வருஷம்! மூணு வருஷம் குடுத்துட்டாங்க!"

சிஸ்டர் எடை மெஷினில் நின்ற ஆளை மறந்து கை தட்டினாள். அந்த ஆளும் என்ன ஏதென்று தெரியாமல் கூடவே தட்டினார். பஞ்சு அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். அடுத்து நர்ஸ் படிப்புதான் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூன்று வருடம் என்றால் அந்தப் படிப்பில் பெரும்பகுதி தாண்டிவிடும்.

"நான் டீ சொல்றேன்," என்றாள் சிஸ்டர். "சாருக்கு ரெண்டு டீ. பாவம், பத்து வாரமா தூங்கல."

டீ வந்து, குடித்து, கிளாஸ்கள் காலியான பிறகு மெயில் சார் பஞ்சு அக்காவை உள்ளே கூப்பிட்டார். மெயிலோடு வந்த இணைப்பை அப்போதுதான் படித்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உக்காருங்கக்கா. சிஸ்டருக்கும் எனக்கும் பிரச்சினை இல்ல. உங்க போஸ்டுக்குத்தான் ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க."

"என்ன சார்?"

"வீடு வீடாப் போற வேலைய இனிமே நோய் இருக்கறவங்களேதான் செய்யணுமாம். அவங்க வந்து சொன்னாத்தான் மத்தவங்க நம்புவாங்களாம். ஆளோட பேர் போட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டும் சேத்து நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பணும். இல்லன்னா அவங்களே ஒரு ஆளப் போட்டுடுவாங்க."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். முப்பத்திரண்டு வயதுதான். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"நான் எழுதிப் பாக்கறேன். ஆறு வருஷமா வெயில்னு பாக்காம மழைன்னு பாக்காம நடந்தவங்க, இவங்க மாதிரி ஆள் கிடைக்காதுன்னு எழுதறேன். கேப்பாங்களான்னு தெரியல. நோய் இல்லைங்கறது உங்களுக்குக் குத்தமாப் போச்சு பாருங்கக்கா."

"விடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க," என்று அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அவளுக்கு நோய் இருந்தது.

எட்டு வருடமாக இருந்தது. புருஷன் போன பிறகு பரிசோதித்ததில் தெரிந்தது. மகளுக்கு மூன்று முறை பார்த்தாயிற்று, இல்லை. வேலையில் சேரும்போது யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. தன் மருந்தை இங்கே வாங்காமல் மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் வாங்கினாள். மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாள். டப்பாவில் பஞ்சு அடைக்கிற வித்தை அந்த பஸ்ஸில்தான் அவளுக்கு உதித்தது.

மறைத்ததற்குக் காரணம் வீடு. புருஷனின் தங்கை வீட்டு மாடியில் ஓர் அறையில்தான் அவளும் மகளும் இருக்கிறார்கள். அண்ணன் மூளைக்காய்ச்சலில் போனான் என்பது நாத்தனாருக்குச் சொல்லப்பட்டது. அண்ணி காசநோய் மருந்து கொடுக்கிறாள் என்பதும் அப்படியே. நாத்தனார் கெட்டவள் இல்லை. மாடிக்கு வாடகை என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் போன வருடம், அடுத்த தெரு வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் என்று காதில் விழுந்த அன்று, அங்கிருந்து திரும்பி வந்த தன் பாத்திரத்தை வாசலிலேயே வைத்து மூன்று தரம் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தாள்.

சாயங்காலம் படியேறும்போது நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, வேலை என்னாச்சு?"

"மூணு வருஷம் நீட்டிச்சுட்டாங்க."

"அப்பாடா! இனிமேலாவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியாதீங்க. இந்த மாசம் அம்மாவைப் பாக்கப் போறப்ப நல்ல சேதியாச் சொல்லுங்க. மாசம் தவறாம அம்மாவைப் பாக்கறது உலகத்துலயே நீங்க ஒருத்திதான்."

மேலே மகள் பாடப் புத்தகத்தில் நுரையீரல் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். பஞ்சு அக்கா அவளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு எடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது; தூங்கப் போகும்போது எடுத்திருந்தாள்.

மறுநாள் காலை மெயில் சாரின் மேஜைமேல் ஒரு மருந்து டப்பாவைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

"உங்க கைவேலைதான்," என்று சொல்லிக்கொண்டே, திரும்பி வந்த மருந்துகளுக்கான பதிவேட்டை இழுத்தார். "யாருக்கா இது, பாதியில நிறுத்திட்டாங்களா? நம்பர் சொல்லுங்க."

"இந்த ஊரு நம்பர் இல்ல சார்."

"பின்ன?"

"என்னோடது."

அவர் பேனா பதிவேட்டின்மேல் நின்றது. அவள் பையிலிருந்து நீல அட்டையையும் மடித்த ரிப்போர்ட்டையும் எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் படித்தார். அட்டையில் எட்டு வருடத் தேதிகள், ஒரு மாதம்கூட விடுபடாமல். தான் நேற்று என்ன சொன்னோம் என்பது நினைவு வந்தவர் மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் நேத்து என்னென்னவோ..."

"தெரியாமத்தான சார் சொன்னீங்க." அவள் ரிப்போர்ட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்கெல்லாம் போகும் சார்?"

"கடல் தாண்டித்தான் போகும். இந்த ஊருக்குள்ள ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவள் பெயர் போட்ட பட்டியல் பன்னிரண்டு மணிக்கு முன்பே போயிற்று.

வெளியே வந்தவளைச் சிஸ்டர் கையைப் பிடித்து மருந்து அலமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"சொல்லிட்டியா?"

"என்னது சிஸ்டர்?"

"எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும்டி. மாத்திரை போட்ட முதல் மாசம் கன்னாபின்னான்னு கனவு வரும், செத்துப்போனவங்கல்லாம் வந்து பேசுவாங்க, பயப்படாதேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவியே. கனவு வரும்னு புத்தகத்துல இருக்கு. யாரு வருவாங்கன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

பஞ்சு அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அலமாரியில் சாய்ந்து இரண்டையும் ஒன்றாகவே முடித்தாள். சிஸ்டர் அவள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

"அஞ்சு வருஷமா என் கண்ணு முன்னாடி சனிக்கிழமை பஸ் பிடிச்சு ஓடற. இங்கயே வாங்கித் தொலையறதுதான? நான் எடுத்துத் தர மாட்டேனா?"

அந்த வாரம் முழுக்க அவள் நடை காற்றில் போகிற மாதிரி இருந்தது. இரண்டு பேருக்குத் தெரியும். தெரிந்தும் டீ கிளாஸை அவள் கையிலிருந்து வாங்குகிறார்கள். இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு பெரிய நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. உதவாதவர்கள் என்று மற்றவர்கள் கைகழுவிய மூன்று பேரை அந்த வாரம் தேடிப் பிடித்து மருந்துக்குத் திரும்பக் கூட்டி வந்தாள்.

உத்தரவு பத்தாம் நாள் வந்தது. சிஸ்டருக்கும் மெயில் சாருக்கும் பழைய பதவிதான். அவளுக்குக் களப்பணியாளர் என்பது போய் 'சகபயணி' என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், இது பணி அல்ல, பங்கேற்பு; ஆகவே விடுப்பும் வைப்புநிதியும் பொருந்தா என்று இருந்தது. நடக்கிற தூரம் மட்டும் அதேதான். மெயில் சார் அந்த வரியில் விரலை வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மூணு வருஷம் இருக்குல்ல சார்?" என்று கேட்டுவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. சிஸ்டருக்குப் பை, மெயில் சாருக்கு மேஜைக் காலண்டர். அவளுக்குக் கையில்லாத ஒரு கோட்டு, ஆரஞ்சு நிறம், நல்ல கெட்டித் துணி. முன்பக்கம் நிறுவனத்தின் சின்னம். சிஸ்டர் அதை உதறி விரித்தபோது முதுகுப் பக்கம் தெரிந்தது. உள்ளங்கை அகல எழுத்தில், அவர்கள் மொழியில் இல்லை, நம் மொழியிலேயே: 'நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். என்னிடம் பேசுங்கள்.'

கூட வந்த தாளை மெயில் சார் படித்தார். தெருவில் இருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். மாதம் ஒரு போட்டோ, கோட்டோடு, அனுப்ப வேண்டும்.

"இதப் போட்டுக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல நின்னா அந்த வீடே அம்பலம்," என்றாள் சிஸ்டர். "யாரு கதவத் திறப்பா? இவ குடியிருக்கற தெருவுல எப்படி நடப்பா?"

"நான் எழுதறேன்," என்றார் மெயில் சார். அவர் முகம் கறுத்துவிட்டது. "கண்டிப்பா எழுதறேன்க்கா. ஆறு மாசத்துல மறுஆய்வுக்கு வருவாங்க. அதுவரைக்கும்..."

"போட்டோவ இப்பவே எடுத்துடுங்க சார். இங்க உள்ளயே."

எடை மெஷினுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றாள். முதுகு ஒன்று, முகம் ஒன்று. கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் கிளம்பினாள்.

தையல் கூலி வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அன்றுதான் முதல் மருந்து. மையத்துக்கு வரப் பயந்து, வீட்டுக்கே கொண்டுவாங்க என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சந்து முனையில் பஞ்சு அக்கா நின்றாள். அணிய வேண்டும் என்று உத்தரவு. மூன்று வருடம் அந்த உத்தரவுக்குள்தான் இருக்கிறது. பையிலிருந்து கோட்டை எடுத்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, பட்டனை உள்ளுக்குள் கைவிட்டு மாட்டினாள். கெட்டித் துணி என்பதால் எழுத்து இந்தப் பக்கம் தெரியவில்லை. தையல் பிசிறும், துவைக்கும் முறை அச்சிட்ட சின்னத் துணிச்சீட்டும் மட்டும் தெரிந்தன.

அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். தையல்காரியின் கண் முதலில் துணிக்குத்தான் போயிற்று.

"அக்கா, கோட்ட உள்வெளியாப் போட்டிருக்கீங்க."

"தெரியும்மா," என்றாள்.

டப்பாவைத் திறந்து, பஞ்சைப் பிய்த்து, மாத்திரைகளுக்கு மேலே அடைத்தாள். மூடியைத் திருகிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பஞ்சு எடுத்தாள்.