மனம் விட்டுப் பேசும் பெட்டி

சாவி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மேசை லாச்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன், அலுமாரிக்குப் பின்னால் தும்புத்தடியை விட்டுத் துழாவினேன், மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தை மூன்று தரம் புரட்டினேன். கடைசியில் பாடசாலை மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி ஒன்று போட்டதில்தான் பூட்டு கழன்றது. பெப்ரவரி மாதம் தரம் எட்டு வகுப்பறையின் பின்சுவரில் நானே ஆணி அடித்து மாட்டிய பெட்டி அது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. முன்பக்கம் 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று நீல மையில் எழுதியவனும் நான்தான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மறுநாள் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஹஸீப் சேர் வருகிறார் என்று பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார். அரையாண்டு முடியும்போது தரம் ஆறிலிருந்து ஒன்பது வரையுள்ள பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், மனதளவில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை. இந்தப் பெட்டியும் வருடத் தொடக்கத்தில் அவர் கொடுத்த யோசனைதான். பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை, வகுப்பாசிரியர் மட்டும் வாரம் ஒருமுறை திறந்து படிக்க வேண்டும். மாட்டிய அன்றே பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வலயத்துக்கு அனுப்பினேன். அதோடு சரி. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள வழியில்லை. பின்சுவரில் இருந்ததால் நான் கணிதம் படிப்பித்த ஐந்து மாதமும் அது என் கண்ணெதிரேதான் இருந்தது.

உள்ளே நாலு டொஃபித் தாளும் ஒரு செத்த பல்லியும் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு துண்டுத் தாள்கள் கிடந்தன. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நப்ரீஸ் தன் கொம்பாஸ் பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று ஒருவன். அம்மா வெளிநாடு போன பிறகு பள்ளிக்கூடம் வரவே பிடிக்கவில்லை என்று ஒரு தாள், பெயரில்லாமல். நாலு தாள்கள் ஒரே கையெழுத்தில் இருந்தன. எழுதியவள் நாலிலும் தயானி என்று பெயரும் திகதியும் போட்டிருந்தாள்.

தயானி கடைசி வாங்கில் சுவரோரம் உட்காரும் பிள்ளை. இரட்டைப் பின்னல், எப்போதும் கொஞ்சம் சுருங்கிய கண்கள். அந்தச் சுருக்கத்தை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு முறை உண்டு, அதை மற்ற ஆசிரியர்களிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு மாதப் பரீட்சைக்குப் பிறகும் புள்ளிக்கு ஏற்றபடி இடம் மாற்றுவேன். கெட்டிக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். பலகையில் எழுதிய கணக்கை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வேன். வாசிக்காவிட்டால் உள்ளங்கையில் கோடு போடும் அடிமட்டத்தால் ஒன்று. பிரம்பு எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து நான் பிரம்பு எடுப்பதில்லை.

முதல் தாள் பெப்ரவரியில் எழுதியது. 'சேருக்கு. எனக்கு போர்டு எழுத்து தெரியல்ல. மத்த புள்ளைக பனி போயிருச்சுன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் போர்டுல பனி இருக்கு. முன்வாங்குல இருக்கலாமா. இப்படிக்கு தயானி.' எங்கள் பாடசாலை மலை விளிம்பில் இருக்கிறது. காலையில் பனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும், பத்து மணி வரைக்கும் பலகை யாருக்கும் தெரியாது. அந்தப் பனி தனக்கு மட்டும் போகாமல் நின்றுவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். பெயர் போடாவிட்டால் சேர் யாரைத்தான் முன்னால் உட்கார வைப்பார் என்றும் யோசித்திருக்கிறாள்.

மார்ச் மாதத் தாளில், 'சேர், என்னய நாலாவது வாங்குக்கு அனுப்பிட்டீங்க. இப்ப பனி கூட.' மே மாதத்தில், 'முஷ்ரிபா கொப்பியப் பாத்துத்தான் போர்டுல இருக்கிறத எழுதுறேன். அது களவு இல்ல சேர்.' எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பார்த்தெழுதியதற்காக இரண்டு பேரையும் நிற்க வைத்து அடித்திருக்கிறேன். கடைசித் தாள் இரண்டாம் தவணைப் பரீட்சை நடந்த வாரத்தில் எழுதியது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'சேர், நீங்க பெட்டியத் தெறக்கிறதே இல்லியா, இல்லாட்டி வாசிச்சிட்டுத்தான் அடிக்கிறீங்களா?'

காது மடல் இரண்டும் சுட்டது. தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வைத்த பிறகுதான் முந்தின வாரம் நடந்தது நினைவுக்கு வந்தது. தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற அன்று தயானியின் அம்மா சிவசக்தி, தேயிலை மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்க்கக்கூட அவளுக்கு நேரம் இருந்திருக்காது. முப்பத்துமூன்று பேரில் மகள் முப்பத்தோராவது. நான் தலையைத் தூக்காமலே, "இதுக்கு மண்டையில ஏறாதும்மா. அடுத்த வருஷமும் இதே கதைதான்" என்றேன். அவள், "அப்ப இந்தத் தவணையோட நிப்பாட்டிறவா சேர்? வெலிமடையில எங்க அக்கா மரக்கறித் தோட்டத்துக்குப் போவுது, கைப்புள்ளயப் பாத்துக்க ஆள் கேக்குது" என்று கேட்டாள். "உங்க இஷ்டம்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பெட்டியை உடைத்த இன்று, தவணை முடிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மாவும் அதே படங்கைக் கட்டியவள். பண்டாரவளையில் வீடு கட்டிக் குடிபோன பிறகு அதைச் சொல்லிக்கொள்ளும்படியான சந்தர்ப்பம் ஒன்றும் வரவில்லை, வந்தபோதும் சொல்லவில்லை.

மறுநாள் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. கொஸ்லந்தையில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தேன். ஹஸீப் சேர் நல்ல மனிதர், பிள்ளைகளிடம் குனிந்து பேசுகிறவர். பெட்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுல ஏதாவது வருதா சேர்?"

உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன் என்று இப்போதும் நம்பிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பக்கத்தில் அதிபர் நின்றார், முப்பத்துமூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வருது சேர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெறந்து வாசிக்கிறேன். சின்னச் சின்ன விஷயந்தான், அப்பப்பவே சரி பண்ணிருவோம்" என்றேன்.

"மாஷா அல்லாஹ். மத்தப் பள்ளிக்கூடங்கள்ல பெட்டிய மாட்டிட்டு அப்படியே விட்டுட்டாங்க. எல்லாரும் உங்க சேருக்குக் கை தட்டுங்க பாப்போம்."

பிள்ளைகள் தட்டினார்கள். தயானி பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், எல்லோரும் நிறுத்தப்போகிற நேரத்தில் அவளும் தட்டினாள். அவள் கேட்டிருந்த கேள்விக்கு ஊரறிய நான் பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் வாசித்துவிட்டுத்தான் அடித்திருக்கிறேன். ஹஸீப் சேர் தன் கொப்பியில் எங்கள் வகுப்பைப் பற்றி நாலைந்து வரி எழுதிக்கொண்டார்.

பாடசாலை விட்டதும் லயத்துக்குப் போனேன். மோட்டார் சைக்கிளைக் கீழே பாதையோரம் நிறுத்திவிட்டுப் படியேறும்போதே எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. சிவசக்தி அவசரமாகக் கதிரையைத் துவாயால் துடைத்துப் போட்டாள், சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி வைத்தாள். தயானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் பெரிய பை ஒன்று கட்டி வைக்கப்பட்டிருந்தது, அதன் வாயில் அவளுடைய நீலக் குளிர்சட்டையின் கை தெரிந்தது.

நான் தாள்களை எடுத்து நீட்டினேன். சிவசக்தி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னா சேர் எழுதியிருக்கு? எனக்கு வாசிக்க வராதுங்க." வேறு வழியில்லாமல் நானே வாசித்தேன். நாலையும் வாசித்தேன். கடைசித் தாளை வாசிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சிவசக்தி எழுந்து மகளின் தோளில் ஒரு அடி வைத்தாள். "சேருக்கு இப்படியாடி எழுதுவ?" பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள். "சின்னப் புள்ள சேர், அறியாம எழுதிருச்சி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"அவள அடிக்காதீங்கம்மா. தப்பு எம்மேலதான்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சேர். நீங்க நம்ம ஆளு. நம்ம புள்ளைகளுக்கு நல்லதுக்குத்தானே அடிக்கிறீங்க."

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்கிறாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தயானியைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஒண்ணையும் வாசிக்கல தயானி. நேத்துதான் பெட்டிய ஒடச்சுத் தெறந்தேன். இன்னைக்கு ஹஸீப் சேர்கிட்ட சொன்னது பொய்."

"சரி சேர்" என்றாள். கணக்கு விளங்கியதா என்று நான் கேட்கும்போது வழக்கமாகச் சொல்கிற அதே சரி சேர்.

கண்ணில்தான் கோளாறு இருக்க வேண்டும், தூரத்து எழுத்துத் தெரியாததால்தான் அவளுக்குப் படிப்பு வரவில்லை, பதுளை ஆஸ்பத்திரியில் கண் காட்டினால் கண்ணாடி கொடுப்பார்கள் என்று விளக்கினேன். போன வருடம் பாடசாலைக்குக் கண் பார்க்க வந்த அன்று தயானி தம்பிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றிருக்கிறாள். விடுபட்டவர்களை அனுப்பி வைப்பது வகுப்பாசிரியரின் பொறுப்பு. போன வருடமும் அவளுக்கு நான்தான் வகுப்பாசிரியர்.

சிவசக்தி தாழ்ந்த குரலில், யாருக்கும் கேட்கக் கூடாத விஷயத்தைக் கேட்பவள் மாதிரிக் கேட்டாள். "அப்ப எம்புள்ளைக்கு மண்டை நல்லாத்தான் இருக்கா சேர்?"

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"சரிங்க. கண்ணக் காட்டிட்டு வருவோம். அக்காவுக்கு அப்புறம் சொல்லிக்கிறேன்." வாசலில் இருந்த பையை அவள் எடுத்து உள்ளே வைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் வெளியே வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் பெரகலையில் பஸ் மாறிப் பதுளைக்குப் போனோம். சிவசக்தி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். தயானி பாடசாலைச் சீருடையில் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏன் சீருடை என்று கேட்டதற்கு, "சேர் வாறாருல்ல" என்றாள் அம்மா. வழியெல்லாம் பேச்சுக் கொடுக்கப் பார்த்தேன். ஹப்புத்தளையில் பனி இறங்கி மூடியது. "தெரியுதா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "இல்ல சேர்" என்றாள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஹஸீப் சேரின் இலக்கம் என் தொலைபேசியில் இருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற இரண்டு மணி நேரத்தில் நாலு தரம் எடுத்துப் பார்த்தேன், நாலு தரமும் உள்ளே வைத்தேன்.

கண் கிளினிக்கில் நீளமான ஒரு அறை. ஒரு முனையில் விளக்குப் போட்ட எழுத்து அட்டை, மறுமுனையில் தரையில் சிவப்புக் கோடு. தாதி மிஸி தயானியைக் கோட்டில் நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சிங்கள மிஸி, தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். சிவசக்தி வாசலில் நின்றாள், நான் தயானிக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றேன்.

"மேல உள்ளது வாசிங்க, மகள்."

"ப" என்றாள் தயானி. அட்டையில் அது என் உள்ளங்கை அளவு இருந்தது.

"ஹரி, சரி. கீழ வரி."

தயானி கண்ணைச் சுருக்கினாள். கழுத்தை முன்னால் நீட்டினாள். நான் இத்தனை நாளும் வகுப்பில் பார்த்த அதே சுருக்கம். இரண்டாவது வரியில் நாலே நாலு எழுத்து, வாசல்வரைக்கும் தெரிகிற எழுத்து. எனக்குள் நானே வாசித்துக்கொண்டு, சொல்லு பிள்ளை, சொல்லு என்று நின்றேன்.

"வாசிங்க மகள்" என்றார் மிஸி மறுபடியும்.

தயானியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூடியிருந்த கண்ணிலிருந்து அவள் கையை எடுத்தாள். அட்டையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். தலையைக் குனிந்து, வலது கையை விரித்து, உள்ளங்கை மேலே தெரியும்படி எனக்கு முன்னால் நீட்டினாள்.