இருநூறு கிராம்

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் தராசு. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். தப்பு என்று வந்துவிட்டால் தாட்சண்யம் பார்க்க மாட்டேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் என் தம்பி மனைவியைத் திருடியாக்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் பின்னறையில் தோலுக்குப் பூசும் கிரீம் செய்கிறோம். ஷியா என்ற ஆப்பிரிக்கக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயை உருக்கி, ஆறவைத்து, வெள்ளையாக நுரைத்து வரும்வரை மிக்ஸரில் அடித்து டப்பாவில் நிரப்புவது தம்பி மனைவி. மூடி போட்டு லேபிள் ஒட்ட இரண்டு பெண்கள். அதிகாரம் செய்ய நான்.

சனிக்கிழமை மத்தியானம் மருந்துக்கடைக்காரர் ஒரு டப்பாவோடு வந்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. லேபிள்ல இருநூறு கிராம்னு போட்டிருக்கு. டப்பா எடையைக் கழிச்சா நூத்தி இருபதுதான் வருது. கடையில ஒரு அம்மா சத்தம் போட்டுட்டாங்க."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. போன மாதம் தம்பி மனைவி தன் அம்மாவின் குதிகால் வெடிப்புக்கென்று ஒரு டப்பா கேட்டு வாங்கிப்போனது சட்டென்று ஞாபகம் வந்தது. அவர் வாசலைத் தாண்டியதும் பின்னறைக்குப் போனேன்.

"மீதி எண்பது கிராம் எங்கம்மா போகுது? உங்க அம்மா வீட்டுக்கா?"

லேபிளும் கையுமாக இரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள்.

"விளிம்பு வரைக்கும்தானேக்கா நிரப்புறேன்" என்றாள் அவள்.

"டப்பா நிறைஞ்சிருக்கு. எடை எங்க?"

விடை என் கேள்வியிலேயே இருந்தது. எனக்குத்தான் காதில் விழவில்லை. அவள் கை கழுவி, ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் திருட்டை நிரூபித்துவிடலாம் என்று நானே ஒரு டப்பாவை விளிம்பு வரை நிரப்பித் தராசில் வைத்தேன். நூற்று இருபத்திரண்டு. அதையே உருக்கி அளவுக் கோப்பையில் ஊற்றினேன். நூற்று முப்பத்தைந்து மில்லியில் நின்றது. மீதி முழுக்க மிக்ஸர் அடித்த காற்று. அடிக்காமல் உருக்கி ஊற்றியிருந்தால்கூட நூற்றெண்பது கிராம்தான் வந்திருக்கும்.

டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் இருநூறு மில்லி என்றிருந்தது. அதைப் பார்த்து, லேபிளுக்கு இருநூறு கிராம் என்று அச்சகத்துக்குப் போனில் சொன்னது நான்தான். அன்று பக்கத்தில் நின்ற தம்பி மனைவி, "ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடலாமாக்கா?" என்றாள். "மில்லியும் கிராமும் ஒண்ணுதான். எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?" என்றேன். தண்ணீருக்கு மட்டும்தான் ஒன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நானே சொன்ன பாடம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன் செய்தேன். "தப்பு என்னுதும்மா. திங்கக்கிழமை வந்துடு."

"எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க அக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்த இரண்டு பெண்கள் முன்னால் டப்பாவைத் தராசில் வைத்து, எண்ணை உரக்கப் படித்து, "இவ ஒரு சொட்டுகூட எடுக்கல. எனக்குத்தான் கணக்கு தெரியல" என்றேன். முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. "சரிக்கா, விடுங்க" என்று அவள் மிக்ஸரைப் போட்டாள். மத்தியானம் ஏதோ பேச்சில் சிரிக்கவும் சிரித்தாள். பெரிய மனசு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தாள். சீப்பு, வீட்டுச் சாவி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"இனிமே தினம் காட்டிட்டே போறேன்க்கா. எனக்கும் நிம்மதி."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். ஆனால் அதற்குள் என் கண் பைக்குள் போய்விட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.