கடைசி இடத்துக்காரிகள்

எங்கள் ஊர் கெல்வராவுக்குப் பெண்களின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி வந்த வருடம், முதல் ஆட்டத்தில் நாங்கள் நூற்று எழுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். எங்கள் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசிக் காவலாக நின்றவள் நான். அன்று பந்தை மிக அருகில் அதிக நேரம் பார்த்தவள் நீதான் என்று என் கணவன் இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வெரிட்டி கார்மடி என்று பெயர். முப்பத்து நான்கு வயதுவரை நான் அந்த நீள்பந்தை உதைத்ததே இல்லை. என்னை இதில் இழுத்துவிட்டவள் டீகன் பாஸ்கோ.

டீகன் எங்கள் ஊரில் கணவனோடு நூற்றைம்பது மாடு வைத்துப் பால் கறக்கிறவள். ஆனால் ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் இந்தக் கால்பந்தை ஆடியதெல்லாம் கடற்கரைப் பக்கத்துப் போர்ட் ஹேடனுக்கு. அந்த அணியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்கிய லொரெல் ஹாடோதான் அவளுக்குப் பயிற்சியாளர், நெருங்கிய தோழியும்கூட. ஜிப்ஸ்லாந்து வட்டாரத்தின் எங்கள் மூலையில் பெண்கள் லீக் பல வருடம் ஆறே அணிகளோடு நடந்தது. அந்தப் பருவத்தில் ஒரேயடியாகப் பதினொன்றாக்கினார்கள். எல்லா ஊர்ப் பெண்களும் ஆட ஆசைப்பட்டார்கள், லீக்காரர்களுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல மனமில்லை. அணிகள் பெருகின. ஆனால் ஆட்டம் தெரிந்த பெண்கள் பழைய எண்ணிக்கையில்தான் இருந்தார்கள்.

கெல்வராவில் அப்படி ஆட்டம் தெரிந்த ஒரே பெண் டீகன். சொந்த ஊர் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. போர்ட் ஹேடன் கார் நிறுத்துமிடத்தில் லொரெலிடம், ஊர் அணிக்கே போகிறேன் என்று சொன்னாளாம்.

"போறதுன்னா போடி. ஆனா நான் சந்தோஷமா வழியனுப்பி வைப்பேன்னு மட்டும் எதிர்பாக்காத."

"எதிர்பாக்கல. வேற யார் மூலமாவும் உனக்குத் தெரிய வேணாம்னுதான் நானே வந்தேன்."

"அங்க யாரு இருக்கா உனக்கு? கூடைப்பந்து ஆடினவளுங்களும் டீச்சரம்மாவும்தானே?"

"ஆமா. அவங்கதான்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

லொரெல் சொன்னதில் தப்பில்லை. எங்களில் பாதிப் பேருக்கு விதிகள்கூடச் சரியாகத் தெரியாது. நடுவிலிருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒன்று என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் எதிரிகள் அதைத்தான் ஓயாமல் செய்துகாட்டினார்கள். உடை மாற்ற ஆண்கள் அறையில் பாதியைத் திரை கட்டிக் கொடுத்தார்கள். ஆண்கள் அணி மைதானத்தின் நடுவில் விளக்கடியில் பயிற்சி செய்யும். நாங்கள் வெளிச்சம் எட்டாத மூலையில், பந்து முகத்தில் பட்ட பிறகுதான் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

கிளப் தலைவர் டெஸ் மெக்காரல் கெட்டவர் இல்லை. மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர், எழுபது வயது. டீகன் போய்க் கேட்டபோது உண்மையாகவே திகைத்துப்போனார்.

"கழிப்பறைக்குக் கதவு வேணுமா? இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையேம்மா."

"இத்தனை வருஷமா உள்ள இருந்தது யாரு டெஸ்?"

அடுத்த வாரம் கதவு வந்தது. வெளிச்சம் வரவில்லை.

தோல்வியைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஆட்டம் முடிந்ததும் இறைச்சி அடைத்த 'பை' பலகாரமும் தக்காளி சாஸுமாக உட்கார்ந்து எங்களை நாங்களே கிண்டல் செய்து சிரிப்போம். நான்காவது ஆட்டத்தில் நடந்ததற்குத்தான் சிரிக்க முடியவில்லை.

பிரையனிக்குப் பதினேழு வயது. என்னிடம் படித்தவள். மைதானத்திலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள். "மிஸ், உங்க பின்னாடி" என்று அவள் கத்தினால் எதிர் அணிக்காரிகளும் சிரித்துவிடுவார்கள். அன்று உயரே வந்த பந்துக்குத் தாவினாள், பிடித்தும்விட்டாள். இறங்கும்போது வலது கால் உள்பக்கம் மடங்கியது. அருகில் யாருமே இல்லை, யாரும் அவளை இடிக்கவில்லை. அவள் கத்தவும் இல்லை. பந்தைக் கையில் வைத்தபடி புல்லில் உட்கார்ந்து, "மிஸ், எழுந்திரிக்க முடியல" என்றாள்.

முழங்காலுக்குள் இருக்கும் நார் முழுதாக அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, பிறகு ஒரு வருடம் ஆட்டம் கிடையாது என்றார்கள்.

மறுநாள் டீகனும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார், தேநீர் போட்டுக் கொடுத்தார், பிறகு டீகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குதிச்சா எப்படி இறங்கணும்னு இவளுக்கு யாராவது சொல்லிக் குடுத்தீங்களா?"

டீகன் தேநீரைக் கீழே வைத்தாள். "இல்ல. சொல்லிக் குடுக்கல."

"போர்ட் ஹேடன்ல உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"சொல்லிக் குடுத்தாங்க."

அவர் தலையசைத்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. திரும்பும் வழியில் டீகன் ஒரு பால் லாரியின் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள், முந்திப்போகத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தியைக் கணவன் விடவில்லை, மற்ற இருவருக்கும் பயம். அணியைக் கலைத்துவிடலாமா என்று டீகனின் பால் கொட்டகையில் கூடிப் பேசினோம். பெரும்பாலானவர்கள் கலைத்துவிடலாம் என்ற பக்கமே சாய்ந்தார்கள். நானும்தான். அப்போது ஊன்றுகோல்களோடு பிரையனி வந்து நின்றாள். சாணியும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் அவள் நடந்து வந்ததைப் பார்த்து எல்லோரும் பதறி எழுந்தோம்.

"என்னால நிறுத்தறோம்னு சொல்லாதீங்க" என்றாள். "நிறுத்திட்டா ஒரு வருஷம் நான் எதுக்குக் காலைச் சரி பண்ணிட்டு உக்காந்திருக்கணும்? எங்க போய் ஆடறது?"

அன்று யாரும் கலைத்துவிடலாம் என்று மறுபடி சொல்லவில்லை.

டீகன் அன்றே லொரெலுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"லொரெல், உன் பிசியோ சொல்லிக் குடுப்பாளே, குதிக்கறது, இறங்கறது, திரும்பறது. எனக்கு அது முழுசா வேணும். எனக்கு ஞாபகம் இருக்கறது போதாது."

லொரெலின் குரல் எனக்கும் கேட்டது.

"உன் மேல கோபம் போகல" என்றாள் லொரெல். "ஆனா கால் விஷயத்துல நான் கோபம் பாக்கமாட்டேன். வியாழக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா."

போனோம். வியாழன் தோறும் பால் கறந்து முடித்து, இரண்டு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். போர்ட் ஹேடன் பெண்களோடு வரிசையில் நின்று, சின்னக் குழந்தைகள் போலக் குதிக்கவும் இறங்கவும் கற்றுக்கொண்டோம். கற்றது காலுக்கு மட்டுமல்ல. எப்படி விழுவது, எப்படி மறிப்பது, ஓடி வருகிறவளை எப்படி இடுப்பில் பிடித்துச் சாய்ப்பது என்பதெல்லாம் சேர்ந்தே வந்தது. டீகனும் மாறினாள். ஜெயிப்பதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

"கோல் அடிக்கறத அப்புறம் பாத்துக்கலாம். அவளுங்க அடிக்காம இருந்தா போதும். பந்து கையில கிடைச்சா கோட்டுக்கு வெளிய தள்ளுங்க. அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல."

அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் தோல்வியின் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை டீகன் ஒரு கோலும் அடித்தாள். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்ததில் நடுவரின் விசில்கூடக் கேட்கவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், போர்ட் ஹேடனோடு. எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை, எப்படியும் கடைசி இடம்தான். அவர்களுக்கு எல்லாமே இருந்தது. அவர்களும் டால்புரூக் ஊர் அணியும் சமமான வெற்றிகளோடு முதலிடத்தில் நின்றார்கள். வெற்றிகள் சமமாக இருந்தால், பருவம் முழுக்க அடித்த புள்ளிக்கும் வாங்கிய புள்ளிக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். டால்புரூக் எங்களோடு பருவத் தொடக்கத்திலேயே, நாங்கள் பந்தைப் பார்த்துப் பயந்த நாட்களில் ஆடி, புள்ளிகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. முதலிடம் பிடித்து, அதனால் இறுதி ஆட்டம் தங்கள் மண்ணில் நடக்கவேண்டுமென்றால் போர்ட் ஹேடன் எங்களை நூறு புள்ளிக்கு மேல் அடித்தாக வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் லொரெல் டீகனிடம் வந்தாள்.

"இன்னிக்குப் பாவம் பாக்கமாட்டோம்."

"பாத்தா அப்புறம் உன் முகத்துலயே முழிக்கமாட்டேன்."

காலையிலிருந்தே மழை. நடுமைதானம் உழுத வயல் மாதிரி இருந்தது. நான் காவல் காத்தது ஜோலின் வூகோவிச்சை. போர்ட் ஹேடனில் மீன் கடை வைத்திருக்கிறவள், அந்தப் பருவத்தில் மிக அதிகமாகக் கோல் அடித்தவள்.

"டீச்சர், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க. எனக்கு இன்னிக்குப் பத்து கோல் வேணும்."

"கையைத் தூக்கிக் கேளு, தரேன்."

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதலாவதிலேயே அவள் மூன்று அடித்துவிட்டாள். வியாழக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து குதித்தவள்தான், கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. ஆனால் மழை வலுத்தது, பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. நாங்கள் கற்றிருந்த அந்த அசிங்கமான ஆட்டம் அந்தச் சேற்றுக்கென்றே செய்தது போலிருந்தது. பந்து விழுந்த இடத்திலெல்லாம் ஐந்து பேர் போய் விழுந்தோம். எழுந்து, கோட்டுக்கு வெளியே தள்ளி, மறுபடி போய் விழுந்தோம். மூன்றாம் பகுதியில் அவர்களுக்கு இரண்டே கோல். நேரம் போகப்போக அவர்களுக்கு அவசரம் வந்தது. தூரத்திலிருந்தெல்லாம் உதைத்தார்கள், பந்து ஓரக் கம்பங்கள் பக்கம் போய் ஒற்றைப் புள்ளிகளாக விழுந்தது. ஜோலின் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஐம்பத்தெட்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

தோற்ற நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சேற்றில் உருண்டோம், ஊர் முழுக்க ஹாரன் அடித்தது. ஜெயித்தவர்கள் மண்டியிட்டுத் தலைகுனிந்து கிடந்தார்கள். டீகன் லொரெலிடம் போய்க் கையை நீட்டினாள். லொரெல் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு நேராகப் பேருந்துக்குப் போய்விட்டாள். டீகனின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

இறுதி ஆட்டம் டால்புரூக்கில் நடந்தது. போர்ட் ஹேடன் நான்கு புள்ளியில் தோற்றது.

வசந்தத்தில் லீக் கூட்டம். டால்புரூக்கின் பிரதிநிதி எழுந்து, புதிய அணிகளை இரண்டு வருடம் நிறுத்திவைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆட்டத்தின் தரம் குறைகிறது, புதிய பெண்களுக்குக் காயம் படுகிறது, பார்க்க வருகிறவர்களுக்கு அலுப்பாக இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்திலேயே சிலர் தலையசைத்தார்கள். அடுத்து லொரெல் எழுந்தாள். டீகன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், நிறுத்துங்கள் என்று லொரெல் சொன்னால் அவளைக் குறை சொல்ல முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எங்க மண்ணுல பைனல் இல்லாம போனதே கெல்வராவாலதான், எல்லாருக்கும் தெரியும்" என்று ஆரம்பித்தாள் லொரெல். "அத நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஆட்டமே தெரியாத பிள்ளைங்கள யாரு ரொம்ப அடிச்சாங்கன்னு பாத்தா முதலிடம் குடுக்கறது? இத அவங்களா வச்சாங்க? நாமதான் வச்சோம். கதவத் திறந்துவிட்டோம், உள்ள வந்தவங்களுக்கு உக்கார இடம் போடல. இப்ப வந்தவங்களையே வெளிய போங்கன்னா எப்படி?"

அவள் கேட்டது இரண்டு பிரிவு. பழகிய அணிகள் ஒன்றில், புதியவர்கள் இன்னொன்றில். எல்லா அணிக்கும் காலையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ளும் பயிற்சி கட்டாயம். வாக்கெடுப்பில் ஒரே ஒரு கை அதிகமாக உயர்ந்து அது நிறைவேறியது.

வெளியே வந்ததும் டீகன் அவளுக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"கீழ் பிரிவா? அந்தச் சேத்துல அத்தனை அடி வாங்கினது இதுக்கா?"

"பின்ன? அடுத்த வருஷமும் நூறு நூறா வாங்கி, இன்னொரு பொண்ணு கால் உடையணுமா?" லொரெலின் குரல் உயர்ந்தது. "உன் ரோஷத்துக்கு அந்தப் பிள்ளைங்களா விலை? அவளுங்க ஒரு நாளாவது ஜெயிக்க வேணாமாடி?"

டீகன் காரில் சாய்ந்து நின்று அழ ஆரம்பித்தாள். ஒரு வருடமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. லொரெல் கொஞ்ச நேரம் தள்ளி நின்றாள், பிறகு வந்து பக்கத்தில் சாய்ந்துகொண்டாள்.

"என் நடு ஆட்டக்காரிய நீ கூட்டிட்டுப் போயிட்ட" என்றாள்.

"நான்தான் உன் நடு ஆட்டக்காரி."

"அதான் சொல்றேன்."

அடுத்த பருவம் மே மாதத்தில் எங்களுக்கு முதல் வெற்றி கிடைத்தது. எங்களைப் போலவே புதிதாக வந்த மலையூர் அணியை மூன்று புள்ளியில் வென்றோம். லொரெல் தன் அணியின் ஆட்டமில்லாத நாள் என்று பார்க்க வந்திருந்தாள், மழைக்கோட்டும் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவலுமாக வேலியோரம் நின்றாள். கடைசி நிமிடத்தில் பந்து என் கைக்கு வந்தபோது உதைக்காமல் விழுந்து அதன்மேல் படுத்துக்கொண்டேன். அழகான முடிவு இல்லைதான். ஆனால் ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்தது.

எல்லோரும் உள்ளே ஓடி, ஜெயித்தால் பாடும் கிளப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். வார்த்தைகள் பாதிப் பேருக்குத் தெரியாது, இதற்குமுன் பாடத் தேவைப்பட்டதில்லை. டீகனை மட்டும் காணோம். வெளியே வந்து பார்த்தேன். மலையூர் அணியின் தலைவி, இருபது வயதுப் பெண், மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். டீகன் அவள் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். லொரெல் வேலியைத் தாண்டி அவர்களை நோக்கி நடந்துபோய், மிச்சமிருந்த வறுவலை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கம்மா. சூடா இருக்கு."