வரைபடத்தின் கிழக்கு ஓரம்

மருமகன் மடிக்கணினியைத் திறந்ததும் மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மகளின் கணினி. அவள் இறந்துபோன பிறகு இருவரும் சேர்ந்து அதன் முன் உட்காருவது அன்றுதான் முதல்முறை.

பாட்டரித் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள மண்ணில் எவ்வளவு ஈயம் படிந்திருக்கிறது என்று மகள் இடம் இடமாக அளந்து, அந்த எண்களைக் கொண்டு நிறம் பூசிய வரைபடம் ஒன்று தயாரித்திருந்தாள். எங்கெல்லாம் சிவப்போ, அங்கெல்லாம் தொழிற்சாலை தன் செலவில் மண்ணைத் தோண்டி எடுத்துப் புது மண் கொட்ட வேண்டும். விசாரணைக் குழு அப்படித்தான் முடிவு செய்திருந்தது. ஆனால் கையிலிருக்கும் பிரதி மங்கல், மூலத்திலிருந்து பெரிதாக வரைந்து கொண்டு வாருங்கள் என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் கடைசி அமர்வு. படத்தின் கிழக்கு ஓரத்தில் அவர்களுடைய தெருவும் சிவப்புக்குள் இருந்தது.

வரைகிற மென்பொருளோ திறக்கவே மறுத்தது.

"என்ன பண்ணி வச்சீங்க மாப்பிள்ளை?"

"சிஸ்டத்தை அப்டேட் பண்ணினேன் மாமா. தினம் கெஞ்சிட்டே இருந்துச்சு, பண்ணட்டுமா பண்ணட்டுமான்னு."

"கெஞ்சினா உடனே சரின்னுடறதா? பொண்ணு கேட்டு வந்தப்ப உங்களை நான் எவ்வளவு நாள் கெஞ்ச விட்டேன்!"

மருமகன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். கணினி அவனுக்குக் கைவந்த கலை அல்ல. ஆனாலும் விடவில்லை. ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லை என்று திரை முறையிட்டது. அதை இணையத்தில் தேடிப் பிடித்துப் போட்டான். இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டான். கடைசியில் ஒரு சாளரம் திறந்தது, உள்ளே கரி அப்பியதுபோல் ஒரே இருட்டு. வேறு எதையோ மாற்றியதும் படம் வரும்போல் இருந்தது, ஆனால் எழுத்துக்களெல்லாம் கட்டம் கட்டமாக வந்து நின்றன.

அச்சகத்தில் பிழை திருத்தியே காலத்தை ஓட்டியவர் அவர். திரையில் வந்த எச்சரிக்கையை உற்றுப் பார்த்தார். "இந்த அறிவிப்புலயே ஒரு எழுத்துப் பிழை இருக்கு."

"அதையும் கம்பெனிக்கு எழுதிப் போட்டுடுவோமா மாமா? திருத்துற வரைக்கும் நாம இங்கயே உக்காந்திருக்கலாம்."

மென்பொருள் செய்தவர்களின் பக்கத்தைத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புதிய இயங்குதளத்தில் பழைய பதிப்பு எழுந்திருக்காது. இனி புதிய பதிப்புதான். அதை இறக்கி நிறுவினார்கள். இம்முறை முரண்டு பிடிக்காமல் திறந்தது. மகளின் எண்களை உள்ளே கொடுத்தான். தொழிற்சாலையைச் சுற்றிச் சிவப்பு மெல்லப் பரவியது.

"வந்துடுச்சு மாமா!"

அவர் கிழக்கு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம தெரு எங்க?"

"இருக்கு. நிறம்தான் இல்ல."

மண் எடுத்த இடங்களெல்லாம் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. கால்வாய்ப் பாலத்தோடு புள்ளிகள் நின்றுவிட்டன. பாலத்துக்கு அப்பால் அவர்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. மருமகன் உதவிக்குறிப்பைப் படித்துச் சொன்னான். பழைய பதிப்பு, அளக்காத இடத்துக்கும் தானாகவே ஊகித்து நிறம் பூசிவிடும். புதியது வெள்ளையாக விட்டுவிடும்.

"ஏன் இங்க மட்டும் எடுக்காம விட்டா?"

"நானும் கேட்டேன். என் வீட்டு வாசல் மண்ணை நானே எடுத்து நானே அளந்தா எவன் நம்புவான், வேற யாராவது வந்து எடுக்கட்டும்னா. அதுக்குள்ள படுத்துட்டா."

ஈயத்துக்கும் அவள் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதில் அவருக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அளக்காத இடத்தையும் நிரப்பு என்றிருந்த கட்டத்தில் மருமகன் குறி போட்டான். சிவப்பு பாலத்தைத் தாண்டி ஓரம் வரை வழிந்தது. பழைய படம் அப்படியே வந்துவிட்டது.

"இதான் கமிட்டிகிட்ட ஏற்கெனவே இருக்கு மாமா. நாம எதையும் புதுசா சேர்க்கல."

"இது ஊகம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியல மாமா."

கேட்பதற்கு ஆளில்லை. புதிய அளவுகளை ஏற்கமாட்டோம் என்று குழு முன்பே கதவைச் சாத்திவிட்டது. அடுத்த வீட்டுக் குழந்தை நாளெல்லாம் வாசலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பது அவர் கண்முன் வந்தது. தொழிற்சாலை வக்கீல் அந்தச் சிவப்பில் விரலை வைத்து, இங்கே புள்ளி எங்கே என்று கேட்பதும் வந்தது. அப்புறம் புள்ளி உள்ள தெருக்களையும் எவனும் நம்பமாட்டான். அவளையும்தான்.

"அந்தக் குறியை எடுத்துடுங்க."

"மாமா, ஒரு தெரு மொத்தமும்..."

"எடுத்துடுங்க மாப்பிள்ளை."

மறுநாள் வக்கீல் பழையது, புதியது இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கிழக்கே ஏன் குறைந்தது என்று கேட்டார். மாமனார் எழுந்து, "அங்கே அளக்கவில்லை" என்றார். குழுத் தலைவர் பென்சிலால் பாலத்தோடு கோடு கிழித்தார். கோட்டுக்கு உட்பட்ட தெருக்கள் எல்லாவற்றுக்கும் உத்தரவானது. வக்கீல் அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிங்க" என்றார். அன்று அவருக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அந்த வக்கீல்தான்.

பின்வரிசையில் இருந்த அடுத்த வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள்.

"பெரியப்பா, உள்ள பேசினது ஒண்ணும் சரியா காதுல விழல. நம்ம தெருவுக்கு எப்ப வருவாங்களாம்?"

"வரமாட்டாங்கம்மா."

"ஏன்? படத்துல சிவப்பாத்தானே இருந்துச்சு. அக்காவே காட்டினாங்களே!"

"அக்கா நம்ம தெருவை அளக்கல. அது மெஷின் தானா பூசின நிறம். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எடுக்கச் சொல்லி யாரும் கேக்கலையே பெரியப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். எல்லோரும் போகவேண்டியது அதே தெருவுக்குத்தான். அவள் கண்ணுக்கு மறையும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.