நீளப் பை

அந்தப் பையைச் சென்னியம்மாள் தைத்தது துப்பாக்கிக்காகத்தான். திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பனியன் தைத்துக் கொடுப்பவள் அவள். மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு, வாயில் நாடா கோத்து, ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள போட்டுக் கொண்டுபோனா ஆருக்குந் தெரியாதுங்க. மாரியம்மன் கோயில் முன்னால வெச்சுப்போட்டு வந்துருங்க. ஆருதுன்னே கேக்க மாட்டம்னு போலீசே சொல்லிருக்குதில்லீங்க."

சத்தியமங்கலம் பக்கம், காட்டோரத்து ஊர் அது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை வரை கெடு. ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார்கள். அவள் புருசன் அரங்கசாமிக்கு மட்டும் மனசு வரவில்லை.

"மக்காச்சோளம் அறுக்கப் பத்து நாள் இருக்குது அம்மணி. பன்னிக்கு ஆரு பதில் சொல்றது? அறுத்துப்போட்டுக் குடுத்தர்றேன்."

"பன்னி தின்னா தின்னுட்டுப் போகுதுங்க. அந்தச் சனியன் ஊட்டுல இருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

கேட்டால்தானே! புதன்கிழமை பன்றிக்காகத் துப்பாக்கிக் குழலில் மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்து வைத்தார். பன்றி வரவில்லை, போலீஸ் ஜீப் வந்தது. கெட்டித்த மருந்தை வெளியே எடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி வெடித்துத் தீர்ப்பது. வெடித்தால் மாட்டிக்கொள்வார். கெடு முடிந்து வீடு வீடாகச் சோதனை என்றதும், நிறைத்த துப்பாக்கியை அப்படியே கொண்டுபோய்ச் சோளத்தட்டுப் போருக்குள் செருகினார். மேலே இருந்த, லேசாகத் தட்டினாலும் தீப்பற்றுகிற பொட்டு வெடியையாவது கழற்றியிருக்கலாம். பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை பாவி மனுசனுக்கு. மாட்டுக்குத் தட்டு உருவிப் போடுவது எப்போதும் நாம்தானே, அவள் போர்ப்பக்கம் வரமாட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பால் சொசைட்டியில் அரங்கசாமி நின்ற வரிசை நீண்டுவிட்டது. வீட்டில் எருமை பசித்துக் கத்தியிருக்கிறது. சென்னியம்மாள் தையலை விட்டு எழுந்துபோய்ப் போரிலிருந்து ஒரு பிடி தட்டை இழுத்தாள்.

படாரென்ற சத்தம் சொசைட்டி வரை கேட்டது. "எந்த மடையன் இன்னும் வெச்சிருக்கறானோ!" என்று முதலில் சொன்னதே அரங்கசாமிதான். நாலு பேர் சிரித்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்திலும் அவள் டாக்டரிடம், "மோட்டார் பெல்ட்டு அறுந்து அடிச்சுப்போடுச்சுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். புருசனைக் காப்பாற்றுகிறாளாம்! அரங்கசாமியால் தாங்க முடியவில்லை. "துப்பாக்கிங்க. என்னோடதுங்க. நாந்தான் நெறச்சு வெச்சேன்" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். வழக்கு வந்தது, பிறகு ஜாமீனும் வந்தது. அவளுடைய வலது கால்தான் முழங்காலுக்குக் கீழே திரும்பி வரவில்லை. அந்த அலைச்சலில் மக்காச்சோளத்தையும் பன்றி தின்று தீர்த்தது.

ஒற்றைக் காலால் மிதித்தால் தையல் கோணுகிறது. கம்பெனியில் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோயம்புத்தூரில் மாட்டிவிட்ட செயற்கைக் காலோ புண்ணாக்கியது. அதைச் சரிசெய்யக் கொண்டுபோக வேண்டும். ஊர் பார்க்க எப்படித் தூக்கிப்போவது என்று அரங்கசாமி வீடெல்லாம் துழாவினார். சென்னியம்மாள் மெஷினுக்கு அடியிலிருந்து அந்த நீளப் பையை எடுத்து நீட்டினாள்.

கால் உள்ளே போனது. பாதிப் பை காலியாகத் தொங்கியது.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் மாரியம்மன் கோயில். ஊன்றுகோலில் வந்தவள் அங்கே மூச்சு வாங்க நின்றாள்.

"ஊட்டுக்குக் கிட்டத்தானுங்க இருக்குது," என்றாள் கோயிலைப் பார்த்து.

அரங்கசாமியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தோளில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.