முப்பத்தொன்று

என் புருஷனின் விலா எலும்பில் மூன்றை உடைத்தவள் நான்தான். இதோ, இந்த இரண்டு கையால். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது, உயிரைக் காப்பாற்றிவிட்டாளாம். அவர்களுக்கென்ன, அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதானே.

அவர் பஸ் கண்டக்டர். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு பாத்ரூமில் சரிந்தார். மூச்சு இல்லை. முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், வண்டி வரும்வரை நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து முப்பது தடவை அமுக்கச் சொன்னாள். பிறகு இரண்டு தடவை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மறுபடி முப்பது. எட்டாவது அமுக்கில் உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கும், நீங்க நிறுத்தாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. பதினோரு நிமிஷம், ஈரத் தரையில் கிடந்த மனுஷனைக் கொலைகாரி மாதிரி ஏறி அமுக்கினேன். இன்னும் இரண்டு முறிந்தன. வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தால் கொன்றுவிடுவேன் என்று கத்தினேனாம், பக்கத்து வீட்டுக்காரி இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவர் பிழைத்தார். நான்தான் உருப்படாமல் போனேன். வாரம் இரண்டு நாள் குத்துச்சண்டைக்குப் போவது ஒன்பது வருஷமாக எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. பார்சல் ஆபீசில் நாளெல்லாம் பெட்டி தூக்கி, மேலாளரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வருபவளுக்கு எதையாவது குத்தியே ஆகவேண்டும். அதை அடியோடு நிறுத்திவிட்டேன். குத்தாத கை சும்மா இருக்குமா? பீரோக் கதவு நெளிந்தது, இரண்டு வாளி உடைந்தது. ஆனால் அவர் நெஞ்சை மட்டும் தொட வரவில்லை. சட்டைப் பொத்தான் போட்டுவிடக்கூட வரவில்லை. கட்டிலின் ஓரத்தில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு படுத்தேன்.

"போய் அந்த மூட்டையையே குத்திட்டு வாயேன்டி, வீட்ல நாலு சாமானாவது மிஞ்சும்" என்று அவரே துரத்தினார்.

போனேன். மெக்கானிக் ஷெட்டுக்கு மேல் மாடி, அதே வியர்வை நாற்றம், அதே தொங்கும் மணல் மூட்டை. குத்த ஆரம்பித்ததும் அப்பாடா என்றிருந்தது. சரியாக முப்பதாவது குத்தில் கை தானாக இறங்கியது. குனிந்தேன். எதற்குக் குனிகிறேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. மூட்டைக்கு வாயோடு வாய் வைத்து ஊதப் போயிருக்கிறேன்.

மூட்டை திருப்பி அடிக்காது. கறிக்கடை அடிப்பாள். கறிக்கடை வைத்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ரிங்குக்கு வெளியே தங்கமான பெண், உள்ளே ஏறிவிட்டால் தாய் பிள்ளை பார்க்கமாட்டாள். அவளோடு மோதியபோதும் முப்பதில் என் கை இறங்கியது. அவளுடைய வலது கை என் வாயில் வந்து விழுந்தது. உதடு கிழிந்து மல்லாந்தேன். அடுத்த முறை மூக்கு. தரையெல்லாம் என் ரத்தம், அதை நானே துணி போட்டுத் துடைத்தேன். மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வரும் ஞாயிற்றுக்கிழமையும் கை இறங்கினால் இனி ரிங்கில் ஏற்றமாட்டார், என் பிணத்துக்கு அவர் பதில் சொல்ல முடியாது.

வீட்டில் அவர் என் மூக்குக்கு ஐஸ் வைத்தபடி, ஏன் கை இறங்குகிறது என்று நச்சரித்தார். மூடி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"முப்பது வந்தா நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாக்கணும்போல இருக்குங்க. அப்ப எவ அடிச்சாலும் எனக்குத் தெரியல."

மூக்கில் வழிந்த ஐஸ் தண்ணீரை அவர் துண்டால் ஒற்றினார். அவர் பேச்சே இப்போதெல்லாம் முனகல்தான். பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குபவனையும் எழுப்பிய குரல் அது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூச்சை இழுத்துக் கத்தினால் இன்னும் கத்தி சொருகியதுபோல் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்தார். இருமினால் வலிக்காமல் நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொன்ன தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மானம் போகிறது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். காதில் வாங்கவேயில்லை.

மணி அடித்தது. கறிக்கடை முதல் குத்திலேயே என் பழைய உதட்டுக் காயத்தைப் பிளந்தாள். நான் அவள் விலாவில் இறக்கினேன், தாடையில் ஒன்று, மறுபடி விலாவில். பத்து. இருபது. அவளுக்குப் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. இருபத்தெட்டு. எண்ணாதே என்று என்னையே திட்டிக்கொண்டு எண்ணினேன். முப்பது. கை இறங்கியது. அவளுடைய வலது தோள் பின்னால் போவது நன்றாகத் தெரிந்தது, என்னால் அசைய முடியவில்லை.

"முப்பத்தொண்ணு."

கடைசி சீட்டுக் குரல். கூரைத் தகடு அதிர்ந்தது. தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார், வலியில் முகம் கோணியிருந்தது.

"முப்பத்தொண்ணு. நான் மூச்சு விட்டுக்கிட்டுதான்டி இருக்கேன். நீ அடி."

தலையைச் சாய்த்தேன். அவள் குத்து காதை உரசிக்கொண்டு போனது. முப்பத்தொன்றை அவள் வயிற்றில் வைத்தேன். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று அவர் அங்கிருந்து எண்ண எண்ண இங்கே அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன். நாற்பத்தேழில் கறிக்கடை கயிற்றில் மோதித் தொப்பென்று உட்கார்ந்தாள். மாஸ்டர் பாய்ந்து வந்து என்னை இழுத்துப் பிடித்தார்.

பல்லெல்லாம் சிவப்பாகச் சிரித்தாள் அவள். "இனிமே அண்ணனைக் கூட்டிட்டு வராதீங்கக்கா" என்றாள்.

இறங்கி அவரிடம் போனேன். பெஞ்சில் வளைந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கிளவுஸைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினேன். அவர் தலையணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வீங்கிய கையை அவர் நெஞ்சின்மேல் வைத்தேன். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை.

"அமுக்கிடாதே தாயே" என்றார்.