முதுகில் ஓர் ஊன்தின்னி

"கழுத்தைக் கடிக்க வேண்டியதைக் கொண்டுபோய் முதுகுல உக்கார வச்சிருக்கீங்களே, இது என்ன சவாரியா?"

அருங்காட்சியகக் காப்பாளர் போட்ட கூச்சலில், டிக்கெட் கிழிக்கிற அக்கா கையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்.

பொம்மைக்காரி அசரவில்லை. அவள் செய்த தழைதின்னி டைனோசர் யானை உயரம். அதன் முதுகில் கோழி அளவு ஊன்தின்னி ஒன்று உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"மாட்டு முதுகுல காக்கா உக்காரலையா சார்? இதுக்குச் சாப்பாடு, அதுக்கு அரிப்பு தீருது."

"ஆதாரம்?"

"இல்ல. ஆனா இருந்திருக்கலாம்ல?"

"பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருது. அதுக்குள்ள சின்னது கீழ இறங்கணும். இல்லேன்னா நிரந்தர வேலைக்கு உங்க பேரை எழுத மாட்டேன்."

அவள் வேலையோ நான்கு வருடமாகத் தற்காலிகம். ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே? "நீங்களே பிடுங்கிக்குங்க!"

பிடுங்கினார், வரவில்லை. தச்சரை அழைத்தார். தச்சர் மூச்சுப் பிடித்து, முகம் சிவக்க இழுத்தார். "இன்னும் இழுத்தா பெரியதோட தோலே வந்துடும் சார்."

போன வருடம் ஒரு டைனோசரின் கொம்பு யாரோ ஒரு குழந்தையோடு வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து, எதை ஒட்டினாலும் உள்ளே கம்பி விட்டு ஒட்ட வேண்டும் என்று சுவரில் எழுதி மாட்டியவர் இதே காப்பாளர்தான்.

"நீங்க சொன்னபடிதான் சார் ஒட்டினேன்," என்றாள் அவள், பச்சைப்பிள்ளை மாதிரி.

வேறு வழியில்லாமல், 'இது வெறும் யூகம்' என்று ஊன்தின்னியை விடப் பெரிய எழுத்தில் அட்டை எழுதி வைத்தார் அவர். பிள்ளைகள் நேரே அங்கேதான் ஓடினார்கள்.

"அது கடிக்காதா?" என்றாள் ஒரு சிறுமி.

காப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "தினமும் சோறு போடற முதுகை எதுக்கும்மா கடிக்கணும்? ஆதாரம் இல்ல... ஆனா இருந்திருக்கலாம்."

மறுவாரம் நிரந்தர வேலைக்குப் பொம்மைக்காரியின் பெயரை அவரே எழுதினார்.

இந்த இருவருக்கும்தான் கல்யாணம் என்று டிக்கெட் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காப்பாளரோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவள் கட்டிக்கொண்டது தச்சரை. அன்று அந்தச் சின்னதைப் பாதி பலத்தில்தான் இழுத்தாராம்! அவருக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காது, அவள் கீரையைத் தாண்ட மாட்டாள். ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. குடித்தனம் அமோகமாக ஓடுகிறது. யார் யாருக்கு உண்ணி பொறுக்குகிறார்கள் என்பதுதான் அக்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை.